ஓர் இயற்கை நிலத்திற்குக் காவலாக நிற்பது எப்படி

காடோ, ஈரநிலமோ, புல்வெளியோ, புதர்க்காடோ, மனிதர் திட்டமிடாமல் தன் போக்கில் இயங்கிவரும் ஒரு நிலம் அழிக்கப்படுவதற்கு முன்னால், பெரும்பாலும் ஏதோ ஒரு கோப்பில் அதைப் பற்றி ஒரு வரி எழுதப்படுகிறது. அங்கே குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை என்பதே அந்த வரி. அதை மறுக்க வேண்டுமானால், அந்த நிலத்தை அறிந்த ஒருவர், நாளும் இடமும் குறித்த பதிவுகளுடன், உரிய நேரத்தில் முன்வர வேண்டும். அப்படி முன்வரக்கூடிய ஒருவராக ஆவது எப்படி என்பதைச் சொல்லவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. உலகத்தின் காடுகள் அனைத்தையும் நேசிப்பதாகச் சொல்வதைக் காட்டிலும், நம்மால் அடிக்கடி சென்றுவரக்கூடிய ஒரே ஒரு நிலத்திற்குப் பொறுப்பேற்பது கடினமானது. ஆனால் பயன் அதில்தான் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவசரம் எவ்வளவு என்பதைச் சில எண்களே சொல்லிவிடும். பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான அறிவியல் மன்றம் 2019இல் வெளியிட்ட மதிப்பீடு, ஏறத்தாழ 10 லட்சம் உயிரினங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கூறியது. 1970க்கும் 2015க்கும் இடைப்பட்ட காலத்தில் உலகின் இயற்கை ஈரநிலங்களில் சுமார் 35 சதவீதம் மறைந்துவிட்டது. நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தை 2030க்குள் பாதுகாப்போம் என்று 2022 டிசம்பரில் மொன்ட்ரியல் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் எந்த மாநாடும் நேரடியாக ஒரு நிலத்தைக் காப்பதில்லை. ஒவ்வொரு ஏக்கரும் அது இருக்கும் இடத்திலேயே காக்கப்படுகிறது, அல்லது இழக்கப்படுகிறது.

அந்த நிலம் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல்

ஒரு நிலத்திற்காகப் பேசப்போகிறவர், அது செய்துவரும் வேலையைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அழகாக இருக்கிறது என்ற வாதம் உண்மையானதாயினும், முடிவெடுக்கும் மேசையில் அது தனியாக நிற்பதில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அதை மறுப்பவர் எவருமில்லை. நியூயார்க் நகரத்தின் 80 லட்சத்திற்கும் அதிகமான மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்தும் டெலவேர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்தும் வருகிறது. 1990களில், அந்த நீரை வடிகட்டுவதற்குப் பல நூறு கோடி டாலர் செலவில் ஒரு பெரும் ஆலை கட்ட வேண்டிய நிலை நகரத்திற்கு ஏற்பட்டது. அதற்கு மாற்றாக, நீர்ப்பிடிப்புப் பகுதியின் காடுகளையும் ஓடைக்கரைகளையும் காப்பது, அங்குள்ள விவசாயிகளுக்கும் சிற்றூர்களுக்கும் கழிவைக் கட்டுப்படுத்த உதவுவது என்று 1997இல் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. ஆலைக்கு மதிப்பிடப்பட்ட தொகையில் சிறு பங்கே அதற்குத் தேவைப்பட்டது, அந்த நீர் இன்றளவும் பெரிய வடிகட்டும் ஆலை இன்றியே நகரத்தை அடைகிறது. உங்கள் நிலம் எந்த ஓடைக்கு, எந்த ஏரிக்கு, எந்தக் கிணறுகளுக்கு நீர் தருகிறது என்பதை வரைபடத்தில் பின்தொடர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் வெள்ளம் எங்கே தங்குகிறது, எத்தனை நாட்களில் வடிகிறது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது கரிமம், அதாவது கார்பன். பீட் எனப்படும், மட்கிய தாவரங்கள் படிந்த கரிச் சதுப்பு நிலங்கள் உலக நிலப்பரப்பில் 3 சதவீதம் மட்டுமே. ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகமான கரிமத்தை அவை தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன. நீரை வடித்து அவற்றை உலர்த்தினால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த அந்தக் கரிமம் வளிமண்டலத்திற்குச் செல்லத் தொடங்குகிறது. பார்ப்பதற்குச் சேறாகத் தோன்றும் நிலம் பெருமரக் காட்டைவிட முக்கியமானதாக இருக்கலாம் என்பதை இதனால் மறந்துவிடக்கூடாது.

இன்னும் அறியப்படாத பயன் என்பது மூன்றாவது. 1966இல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய மாணவரும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைச் சேகரித்தனர். சுமார் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செழித்து வளரும் அந்த உயிருக்கு அன்று எந்தப் பயனும் இருப்பதாக எவரும் கருதவில்லை. பின்னாளில் அதிலிருந்து பெறப்பட்ட நொதியே, டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்குவதற்காக 1983இல் கேரி முல்லிஸ் உருவாக்கிய பிசிஆர் முறையை நடைமுறைக்கு ஏற்றதாக ஆக்கியது. இன்று நோயறிதல் முதல் குற்றவியல் ஆய்வு வரை அந்த முறை இல்லாமல் நடப்பதில்லை. அந்த ஊற்றை 1872 முதல் யாரும் தொடாமல் விட்டிருந்தது ஒரு பூங்காச் சட்டம். சட்டத்தை எழுதியவர்களுக்கு அந்தப் பாக்டீரியா இருப்பதே தெரியாது.

உயிர்களுக்கிடையிலான பிணைப்பும் இப்படிப்பட்டதுதான். மென்மயிருக்காகக் கடல் நீர்நாய்கள் வேட்டையாடப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,000 மட்டுமே எஞ்சியிருந்தன. வட பசிபிக்கின் அலூசியன் தீவுகளில் ஆய்வு செய்தவர்கள், நீர்நாய்கள் இல்லாத தீவுகளைச் சுற்றி அவற்றின் இரையான கடல் முள்ளெலிகள் பெருகி, கெல்ப் எனப்படும் கடற்பாசிக் காடுகளை வேரோடு மேய்ந்துவிட்டதையும், நீர்நாய்கள் மீண்ட தீவுகளில் அந்தக் காடுகள் செழித்திருந்ததையும் 1974இல் எடுத்துக்காட்டினர். ஓர் இனத்தை நீக்கினால் அதனோடு சேர்ந்து எதெல்லாம் போகும் என்பது முன்கூட்டியே தெரிவதில்லை.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பயனை மட்டுமே அடிப்படையாக வைத்து வாதிட்டால், அதே பயனைக் குறைந்த செலவில் தரும் ஒரு மாற்று வரும் நாளில் அந்த வாதம் சரிந்துவிடும். அந்த நிலத்தில் வாழும் உயிர்களுக்கு நமக்குப் பயன்படுவதற்கு அப்பாலும் வாழும் உரிமை உண்டு என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். நியூசிலாந்து நாடாளுமன்றம் 2017இல் வாங்கனுய் ஆற்றை, மலையிலிருந்து கடல் வரை, சட்டத்தின் முன் ஒரு நபராகவே ஏற்றுக்கொண்டது. அந்த ஆற்றைத் தங்கள் மூதாதையாகக் கருதும் மவோரி மக்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வலியுறுத்தியதன் விளைவு அது. உணர்வு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று அங்கே சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

நிலத்தைத் தேர்ந்தெடுத்தல்

புகழ்பெற்ற காப்பகங்களுக்கு ஏற்கெனவே காவலர்கள் இருக்கிறார்கள். உங்கள் தேர்வு, எல்லாப் பருவங்களிலும் சென்றுவரக்கூடிய, இதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒரு நிலமாக இருப்பது நல்லது. அது சிறியதாக இருந்தால் தவறில்லை. ஆனால் அருகிலுள்ள வேறு இயற்கை நிலங்களோடு அதற்குத் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இணைப்பு உள்ள சிறு நிலம் தனித்து நிற்கும் அதே அளவு நிலத்தைவிடப் பல மடங்கு மதிப்புடையது.

தேர்ந்தெடுத்தவுடன் மூன்று கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை தேடுங்கள்: அந்த நிலம் யாருடையது, அரசு ஆவணங்களில் அது எந்த வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது, அதைச் சுற்றி எந்தத் திட்டங்கள் பேசப்படுகின்றன. இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தோன்றினாலும் பெரும்பாலான போராட்டங்களின் முடிவு அதில்தான் இருக்கிறது. இயற்கையான புல்வெளியும் புதர்நிலமும் பல நாடுகளின் பதிவேடுகளில் பயனற்ற நிலமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. திட்டங்கள் முதலில் தேடி வருவதும் அப்படிப்பட்ட நிலங்களைத்தான். பழைய வரைபடங்களைத் தேடிப் பெறுங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் உள்ளன, 2008 முதல் அவை எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015இல் தொடங்கிய சென்டினல்-2 படங்களில் 10 மீட்டர் அளவுள்ள விவரங்களைக் காணலாம். முப்பது நாற்பது ஆண்டுகளில் உங்கள் நிலத்தின் எல்லை எப்படிச் சுருங்கியது என்பதை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால், பேச்சுக்குத் தேவையே இருக்காது.

சென்று வருதல்

காவலாக நிற்க விரும்புகிறவரே அந்த நிலத்திற்குச் சுமையாகிவிடக் கூடாது. இருக்கும் பாதையிலேயே நடப்பது, எதையும் எடுத்து வராமலும் விட்டு வராமலும் இருப்பது, தீ மூட்டாமல் இருப்பது, விலங்கு தன் போக்கை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு நெருங்காமல் இருப்பது ஆகியவை பொதுவாக அறியப்பட்ட நெறிகளே. நீண்ட நேரம் தங்க நேர்ந்தால், மனிதக் கழிவை நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும்.

அதிகம் பேசப்படாதது காலணியில் ஒட்டும் மண். நியூசிலாந்தின் கௌரி மரங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியவை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி அவற்றின் வேர்களைத் தாக்கி மெல்லக் கொல்கிறது. நடப்பவர்களின் காலணியிலும் வாகனச் சக்கரங்களிலும் ஒட்டிக்கொள்ளும் சிறிதளவு மண்ணே அந்த நோயைப் புதிய மரத்திற்குக் கொண்டு சேர்க்கப் போதுமானது. அதனால் பாதைகளின் வாயிலில் காலணி கழுவும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. பல பாதைகள் மூடவும் பட்டன. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும் முன் காலணி, ஆடையின் ஓரங்கள், படகு, வலை, பை ஆகியவற்றைச் சுத்தம் செய்து நன்கு உலர்த்துங்கள். அயலிலிருந்து வரும் விதையும் பூஞ்சையும் இப்படித்தான் பயணம் செய்கின்றன.

கூடு கட்டும் காலத்தில் பறவைகளின் அருகில் ட்ரோன் பறக்கவிடுவதையும், பறவையை வெளியே வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவதையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நல்ல படத்திற்காக ஒரு கூடு கைவிடப்படுமானால், அந்தப் படம் எடுக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

பதிவு செய்தல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். பறந்து திரியும் பூச்சிகளின் மொத்த எடை குறைந்துவருகிறது என்பதை 2017இல் உலகத்திற்கு உறுதியாகக் காட்டியதில் பெரும் பங்கு, ஜெர்மனியின் கிரெஃபெல்டு நகரைச் சேர்ந்த ஆர்வலர்களின் பூச்சியியல் சங்கத்திற்கு உரியது. 1989 முதல் 27 ஆண்டுகளாக, 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில், ஒரே வகையான பொறியை ஒரே முறையில் வைத்து, சிக்கிய பூச்சிகளை எடைபோட்டு அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். முக்கால் பங்குக்கும் மேற்பட்ட வீழ்ச்சி அந்தக் குறிப்புகளிலிருந்து வெளிப்பட்டது. அவர்களின் பலம் கருவியில் இல்லை. முறை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்ததில் இருந்தது.

ஆகவே உங்கள் நிலத்தில் ஒரு பாதையை நிலையாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே வேகத்தில், குறிப்பிட்ட இடைவெளியில் அதில் நடந்து, கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, உடன் வந்தவர்கள் ஆகிய விவரங்கள் இல்லாத குறிப்பு பிற்காலத்தில் அரைப் பயனே தரும். எதுவும் தென்படாத நாளையும் எழுதி வையுங்கள், ஏனெனில் இல்லாமை பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே ஒரு வீழ்ச்சியை நிறுவ முடியும். அடையாளம் உறுதியாகத் தெரியாத உயிரினத்திற்குப் பெயர் சூட்டாமல், அதன் அளவு, நிறம், குரல், செயல் ஆகியவற்றை வருணியுங்கள். இதில் அவசரப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு தவறான பெயர், சரியாக இருக்கும் ஐம்பது பெயர்களின் மீதும் சந்தேகத்தை உண்டாக்கிவிடும். நான்கைந்து இடங்களை நிலையான புகைப்படப் புள்ளிகளாகக் குறித்து, ஒவ்வொரு பருவத்திலும் அதே கோணத்தில் படம் எடுங்கள். முதல் பூ, முதல் கனி, வலசைப் பறவைகளின் வருகை, ஓடை வற்றும் நாள் என்பவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கினால், சில ஆண்டுகளில் அந்தப் பக்கமே எல்லாவற்றிலும் மதிப்புமிக்கதாகிவிடும்.

குறிப்பேட்டோடு நிறுத்திவிடாமல், பறவைகளை இபேர்டு தளத்திலும் மற்ற உயிர்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் பதிவேற்றுங்கள். அங்கே உறுதிப்படுத்தப்படும் தகவல்கள் உலகப் பல்லுயிர்த் தரவு மையத்திற்குச் சென்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அப்படிப் பொதுவெளியில் உள்ள பதிவை, அங்கே ஒன்றுமில்லை என்று எழுதுகிறவர் எளிதில் புறக்கணிக்க முடியாது.

ஆனால் ஓர் உயிருக்கு விலை இருக்குமானால், அது இருக்கும் இடத்தைச் சொல்லாதீர்கள். 1999இல் சீனாவில் ஒரு குகைப்பல்லி இனம் அறிவியலுக்குப் புதியதாக விவரிக்கப்பட்டபோது, அது கிடைத்த இடமும் வெளியிடப்பட்டது. வளர்ப்புச் சந்தைக்காகப் பிடிப்பவர்கள் அந்த இடத்தைத் தேடிச் சென்று, அங்கே அது அற்றுப்போகும் அளவுக்குச் சேகரித்துவிட்டனர். அரிய ஆர்க்கிட், ஆமை, பல்லி, இரவுப்பறவை, எந்தப் பறவையானாலும் அதன் கூடு ஆகியவற்றின் படங்களிலிருந்து இருப்பிடக் குறியீட்டை நீக்கிய பின்னரே பகிருங்கள். ஐநேச்சுரலிஸ்ட் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்குகிறது. உங்கள் சமூக ஊடகக் கணக்கு அதைச் செய்வதில்லை.

ஆபத்தை முன்கூட்டியே அடையாளம் காணுதல்

பிரேசிலின் அமேசான் பகுதியில் நடந்த காடழிப்பில் ஏறத்தாழ 95 சதவீதம், சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ, படகு செல்லும் ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ நடந்திருக்கிறது. கோடாரிக்கு முன்னால் சாலை வருகிறது என்பதே இதன் பொருள். எனவே உங்கள் நிலத்திற்குள்ளோ அதன் ஓரத்திலோ ஒரு புதிய மண்பாதை, அளவைக் கற்கள், வண்ணம் பூசிய மரங்கள், சோதனைக்காகத் தோண்டிய குழிகள் ஆகியவற்றைக் கண்டால், அன்றே படம் எடுத்து, எந்த அலுவலகம் எதற்காக அதைச் செய்தது என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

நிலம் முழுவதும் அழியாமல் நடுவே ஒரு கோடு மட்டும் போவதாகச் சொல்லி ஆறுதல் அளிப்பார்கள். அந்த ஆறுதலுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1979இல் பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே தொடங்கிய ஆய்வில், 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள காட்டுத் துண்டுகள் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே விடப்பட்டுப் பல பத்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டன. விளிம்பிலிருந்து சுமார் 100 மீட்டர் வரை காற்றும் வெயிலும் உள்ளே புகுந்து, பெருமரங்கள் வேகமாக மடிந்தன. எறும்புப் படையைப் பின்தொடர்ந்து இரை தேடும் பறவைகள் சிறு துண்டுகளிலிருந்து விரைவிலேயே மறைந்தன. காட்டின் உட்பகுதியில் வாழும் சில பறவைகள் வெறும் 80 மீட்டர் அகல வெட்டவெளியைக்கூடக் கடக்கத் தயங்கின. இன்று உலகில் எஞ்சியுள்ள காட்டுப் பரப்பில் 70 சதவீதம் ஏதேனும் ஒரு விளிம்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நடுவே போகும் கோடு எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

எதிர்ப்பைத் தெரிவித்தல்

அமெரிக்காவில் 1970இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தைத் தொடர்ந்து, பெரும் திட்டங்களுக்கு முன்னால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்வது இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏதேனும் ஒரு வடிவில் கட்டாயமாகியிருக்கிறது. தகவல் பெறவும், முடிவெடுப்பதில் பங்கேற்கவும், நீதி கேட்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்பதை 1992இன் ரியோ பிரகடனம் ஏற்றது. 1998இல் ஐரோப்பாவில் ஆர்ஹஸ் உடன்படிக்கையும், 2018இல் லத்தீன் அமெரிக்காவில் எஸ்காசு உடன்படிக்கையும் அதைச் சட்டக் கடமையாக்கின. உங்கள் நாட்டில் மதிப்பீட்டு அறிக்கை எங்கே வெளியிடப்படுகிறது, கருத்துத் தெரிவிக்க எத்தனை நாட்கள் தரப்படுகின்றன, முடிவை எதிர்த்து எங்கே முறையிடலாம் என்பதை இன்றே கண்டறிந்து வையுங்கள். திட்டம் வந்த பிறகு தேடத் தொடங்கினால் காலக்கெடு முடிந்திருக்கும்.

அறிக்கை கைக்கு வந்தவுடன், உயிரினங்களைக் கணக்கெடுத்த பகுதியை முதலில் படியுங்கள். எந்த மாதத்தில், எத்தனை நாட்கள் கணக்கெடுத்தார்கள் என்று பாருங்கள். வறண்ட பருவத்தில் ஒரு வாரம் மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தவளைகள் இல்லை என்று எழுதியிருந்தால், மழைக்காலத்தில் நீங்கள் எழுதிய குறிப்பு அங்கே பேசும். அவர்கள் தந்த பட்டியலில் விடுபட்ட இனங்களை உங்கள் பதிவுகளோடு ஒப்பிட்டு, பக்க எண்ணும் நாளும் குறிப்பிட்டு, அமைதியான மொழியில் எழுதுங்கள். கோபம் நியாயமானதாயினும், அதிகாரிக்கு உங்கள் கடிதத்தை ஒதுக்கிவைக்க ஒரு காரணத்தைத் தந்துவிடும்.

வேண்டாம் என்று சொல்வதோடு நிற்காமல், மாற்று என்ன என்பதையும் ஆராய்ந்து வைப்பது எதிர்ப்பின் வலிமையைப் பெருக்கும். கேரளத்தின் குந்திப்புழா ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம், சைலன்ட் வேலி எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காட்டையும் அங்கே வாழும் சிங்கவால் குரங்குகளையும் அச்சுறுத்தியபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு, காட்டின் அருமையைச் சொல்வதோடு நிற்கவில்லை. அந்தத் திட்டத்தின் தொழில்நுட்பத்தையும் பொருளாதாரத்தையும் அலசி, மின் தேவையை வேறு வழிகளில் நிறைவேற்ற முடியும் என்று வாதிட்டு அறிக்கையாகவே வெளியிட்டது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

வேறொரு வழி உயர்ந்த சட்டத்தை நாடுவது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் பிராங்க்ளின் ஆற்றுக்கு எதிராக மாநில அரசே அணைத் திட்டத்தோடு நின்றது. ஆனால் அந்தப் பகுதி 1982இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த உடன்படிக்கையை நிறைவேற்ற நடுவண் அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1983 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்ததால் அணை நின்றது. உங்கள் நிலம், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையின் கீழ் வரும் ஈரநிலமா, வலசைப் பறவைகள் தங்கும் இடமா, அழியும் நிலையிலுள்ள இனத்தின் வாழிடமா என்று தேடிப் பாருங்கள்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். காட்டைக் காக்க முயன்று உயிரிழந்தவர்கள் உண்டு. உலகின் பல பகுதிகளில் இது ஆபத்தான வேலை. கடிதங்கள் ஒரு குழுவின் பெயரில் செல்லட்டும்; ஆவணங்களின் படிகள் வேறு வேறு இடங்களில் இருக்கட்டும்; சட்டவிரோத வெட்டலையோ வேட்டையையோ கண்டால் நேரில் தடுக்க முயலாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உரியவர்களிடம் தெரிவியுங்கள்.

அங்கே வாழ்கிறவர்களோடு நிற்றல்

எல்லோஸ்டோன் பாதுகாக்கப்பட்டதைப் போற்றும்போது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பூர்வகுடிகள் அதன் எல்லையிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் சொல்லியே ஆக வேண்டும். அதே அநீதி காப்பகம் என்ற பெயரில் பல கண்டங்களில் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. பூமியின் நிலப்பரப்பில் குறைந்தது கால் பங்கைப் பூர்வகுடி மக்கள் பேணியோ பயன்படுத்தியோ வருகிறார்கள். அந்த நிலங்களில் இயற்கையின் சரிவு பொதுவாக மற்ற இடங்களைவிட மெதுவாகவே இருக்கிறது என்று மேலே குறிப்பிட்ட 2019 மதிப்பீடும் கூறுகிறது.

பிரேசிலில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களைத் திரட்டிய சிக்கோ மென்டிஸ், காட்டை வெட்டாமல் அதிலிருந்து வாழும் மக்களுக்கே அதைக் காக்கும் உரிமையைத் தர வேண்டும் என்று போராடினார். 1988 டிசம்பரில் அவர் கொல்லப்பட்டார். அவர் கேட்ட வகையிலான காப்பகங்கள் 1990இல் உருவாக்கப்பட்டன, அவற்றில் ஒன்று அவருடைய பெயரையே தாங்கியிருக்கிறது. உங்கள் நிலத்தில் மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், தேனோ மூலிகையோ சேகரிப்பவர் இருந்தால், முதலில் அவர்களிடம் சென்று கேளுங்கள். எந்த ஊற்று கோடையில் வற்றாது, எந்தப் பறவை எப்போது நின்றுபோனது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களை எதிரியாக வைத்து வரையப்படும் பாதுகாப்புத் திட்டத்தில் கையெழுத்திடாதீர்கள்.

மீட்க நினைக்கும்போது

நல்லெண்ணம் மிகுந்தவர்கள் முதலில் நினைப்பது மரம் நடுவதை. மரம் இல்லாத எல்லா நிலமும் மரத்தை இழந்த நிலம் அல்ல. ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஃபுளோ கன்ட்ரி என்ற பரந்த கரிச் சதுப்பில், 1980களில் வரிச்சலுகையின் தூண்டுதலால் கால்வாய் வெட்டி நீரை வடித்து ஊசியிலை மரங்கள் நடப்பட்டன. சதுப்பு உலர்ந்தது, அங்கே கூடு கட்டிய பறவைகள் இடமிழந்தன. 1988இல் சலுகை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அந்த மரங்களை வெட்டி, கால்வாய்களை அடைத்து, நீரைத் திரும்பத் தேக்கும் நெடிய பணி தொடங்கியது. 2024இல் அந்தச் சதுப்பு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. புல்வெளிக்கும் புதர்நிலத்திற்கும் சதுப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பெரும்பாலான இடங்களில் தேவைப்படுவது அழுத்தத்தை நீக்குவது மட்டுமே. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே பகுதியில் மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் புல் ஆண்டுதோறும் எரிந்து, காடு திரும்புவதைத் தடுத்துவந்தது. 1980களிலிருந்து, டேனியல் ஜான்ஸென் என்ற சூழலியலாளரும் அவரோடு உழைத்த உள்ளூர் மக்களும் தீயைக் கட்டுப்படுத்தியபோது, காற்றும் பறவைகளும் விலங்குகளும் கொண்டுவந்த விதைகளிலிருந்து உலர் காடு தானாகவே திரும்பத் தொடங்கியது. அருகில் மூலக்காட்டின் எச்சம் இருந்ததால்தான் அது முடிந்தது என்பதால், எஞ்சியிருப்பதைக் காப்பதே முதல் வேலை. மீட்பது அதற்கு அடுத்தது. நட்டே ஆக வேண்டிய இடத்தில், அதே பகுதியின் விதையிலிருந்து, அங்கே இயல்பாக வளரும் பல இனங்களைக் கலந்து நடுங்கள்.

தொடர்ச்சியை உறுதி செய்தல்

ஒரு நிலத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் ஒரு மனிதரின் உழைப்புக் காலம் மிகக் குறுகியது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, நான்கைந்து பக்கங்களுக்கு மிகாத ஓர் அறிக்கை எழுதுங்கள்: அந்த ஆண்டு கண்ட இனங்கள், காணாமற்போனவை, நீரின் நிலை, புதிய ஆபத்துகள், அனுப்பிய கடிதங்களும் வந்த பதில்களும். அதன் படிகளை உள்ளாட்சி அலுவலகத்திற்கும், அருகிலுள்ள நூலகத்திற்கும், உயிரியல் கற்பிக்கும் ஒரு பள்ளிக்கோ கல்லூரிக்கோ அனுப்பி வையுங்கள். அந்தப் பள்ளியிலிருந்து ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேரை உங்கள் நிலையான பாதையில் உடன் அழைத்துச் சென்று, குறிப்பேட்டை அவர்களிடமே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதில் நீங்கள் கவனிக்காத ஏதாவது ஒன்று இருக்கத் தொடங்கும்போது, அடுத்த ஆண்டின் அறிக்கையை அவர்களையே எழுதவிட்டு, திருத்துவதோடு நின்றுகொள்ளுங்கள்.